மலையகத்துக்கு வேலையாக வருகிறவர்கள் நல்ல தேயிலை தேட: சொந்த வண்டி வேண்டியதில்லை

வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரிலேயே வடித்த பியரைத் தேடுவார்கள். இலங்கை மலையகத்துக்கு வருகிறவர்கள் அப்படித் தேட வேண்டியது தேயிலையை. நுவரெலியாவில் 1881 இல் தொடங்கிய பியர் வடிசாலைகூட எப்போதோ மலையிறங்கிவிட்டது. அதன் வாரிசு இன்று கொழும்புக்கு அருகே பியகமவில் இயங்குகிறது. தேயிலைச் செடி மலையிலேயே நிற்கிறது. ஆனால் அதன் நல்ல தூள் மலையில் தங்குவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்காய்வுக்கும் வங்கிக் கிளைப் பயிற்சிக்கும் பாடசாலைக் கருத்தரங்குக்கும் இரண்டு நாள் வந்து போகிறவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: தேயிலை நாட்டுக்கு வந்தும் வாய்க்கு ருசியாக ஒரு கோப்பை கிடைக்கவில்லை. ஹோட்டல் அறையில் இரண்டு தேயிலைப் பை, ஒரு சிறு பால்மாப் பக்கற்று. காலைச் சாப்பாட்டு மேசையில் ஆறு மணிக்கே ஊற்றிவைத்த கறுத்த சாயம். அவர்கள் சொல்வது உண்மை. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது கொழும்பில் வேலை. கண்டியிலிருந்து பதுளை வரை மாதம் ஒருமுறையாவது அலுவலக வேலையாக வருகிறேன். பஸ், ரயில், ஓட்டோ இவைதான் என் வாகனங்கள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது

தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அரைத்துச் சலித்த தேயிலை மூட்டை மூட்டையாகக் கொழும்புக்குப் போகிறது. அங்கே 1883 ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் வாராவாரம் நடக்கிறது. தரகர்கள் சுவை பார்க்கிறார்கள், ஏற்றுமதிக்காரர்கள் வாங்குகிறார்கள், கப்பல் ஏறுகிறது. கடைத்தெருவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பல இடத்துத் தூளைக் கலந்த கலவை. எந்த மலையில் பறித்தது, எப்போது அரைத்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

தோட்டத்து மக்களுக்கும் இதே கதைதான். என் அம்மா 28 வருடம் கொழுந்து பறித்தவர். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அடுப்பில் கொதித்தது தோட்டத்தில் கொடுக்கும் டஸ்ட் தூள். வேலைக்குப் போன முதல் வருடம் கொழும்புக் கடை ஒன்றில் எங்கள் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட பிஓபி (உடைத்த இலைத் தேயிலை) பக்கற்று ஒன்றைக் கண்டேன். 200 கிராம். வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தேன். பால் இல்லாமல் ஊற்றி, கண்ணாடிக் கிளாசை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விளிம்பைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு வளையம் நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஆறாம் நம்பர் மலைக் கொழுந்தா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மறுபடியும் குடித்துவிட்டு, "இருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டார். தான் பறித்ததன் ருசி இன்னதென்று அம்மா அறிந்தது அன்றைக்குத்தான். அதிலிருந்துதான் நான் தேடத் தொடங்கினேன்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒரு தனித் தோட்டத்தின் தேயிலை, அதுவும் அண்மையில் அரைத்தது. மற்றதெல்லாம் இதற்குத் துணை.

எந்த மாதம் வருகிறீர்கள்?

வேலைத் திகதி நம் கையில் இல்லை. ஆனால் திகதிக்கு ஏற்ற மலையைத் தேர்ந்துகொள்ளலாம். மலையகத்தின் நடு முதுகெலும்பு இரண்டு பருவக்காற்றையும் தடுத்து நிற்கிறது. மேற்குச் சரிவில் ஹட்டன், தலவாக்கலை, டிம்புள்ள, நுவரெலியா. கிழக்குச் சரிவில் ஊவா: ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை.

ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கம் வறண்டு கிடக்கும். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாக வளர்கிறது, விளைச்சல் குறைகிறது, மணம் கூடுகிறது. டிம்புள்ளவுக்கும் நுவரெலியாவுக்கும் அதுதான் நல்ல காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வறட்டுக் காற்றாக மலை தாண்டி ஊவாவில் இறங்கும். அதைக் கச்சான் காற்று என்பார்கள். அந்தக் காற்றில் அடிபட்ட ஊவாக் கொழுந்துக்குப் புதினா இலையைக் கசக்கியதுபோல ஒரு குளிர்ந்த மணம் வரும். உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத மணம் அது. தேயிலைக்காரர்கள் அதற்காகவே ஓகஸ்ட் மாத ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். உடப்புசல்லாவை நடுவில் இருப்பதால் இரண்டு காற்றும் அதைத் தொடும்.

வேறு மாதங்களில் வந்தால் மனம் தளர வேண்டாம். நல்ல காலத்தில் அரைத்தது காற்றுப்புகாத பக்கற்றில் சில மாதம் தாங்கும். அதற்குத்தான் உற்பத்தித் திகதியைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

உயரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 600 மீற்றருக்குக் கீழே விளைந்தது தாழ்நிலத் தேயிலை, 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். கண்டியைச் சுற்றி இடைநிலத் தேயிலை. சாயம் கடுமை, பாலுக்கு நன்றாக இருக்கும். மேலே போகப்போகச் சாயம் வெளிறி மணம் ஏறும். நுவரெலியாத் தேயிலையைக் கிளாசில் ஊற்றினால் வைக்கோல் நிறம்தான் வரும். "சாயமே இல்லையே" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பால் விடாமல் ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை நாளில் நேரம் பிடிப்பது

மாலை நான்கரைக்குக் கூட்டம் முடிந்து கிளம்பினால் காரியம் ஆகாது. விற்பனைக்கூடங்கள் மூடுகிற நேரம் அது. ஆறரைக்கு இருட்டிவிடும், பனிமூட்டம் இறங்கும், தோட்டப் பாதைக்குப் போகும் பஸ் குறைந்துபோகும். திரும்பி வருவதற்கு ஓட்டோக்காரர் கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

காலையைப் பயன்படுத்துங்கள். கூட்டத்தைப் பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வைக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். அதிகாலை ஸ்டோருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. முதல் நாள் பறித்த கொழுந்து இரவு முழுவதும் மேல்மாடித் தொட்டிகளில் வாடிக் கிடந்து, விடியும் நேரத்தில் உருட்டும் இயந்திரத்துக்கு இறங்கும். உருண்டு கசங்கிய பச்சை இலை செம்பு நிறமாக மாறும்போது வெட்டிய ஆப்பிளும் ஈர மண்ணும் கலந்ததுபோல ஒரு வாசனை எழும். பத்து மணிக்குப் பிறகு போனால் அந்த வாசனை அநேகமாக அடுப்புச் சூட்டில் அடங்கிவிட்டிருக்கும். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சுருங்கி ஒரு கிலோத் தேயிலையாவதைக் கண்ணால் பார்த்தால், பிறகு ஒரு தேக்கரண்டித் தூளைக்கூடச் சிந்த மனம் வராது.

திங்கட்கிழமைக் காலையைத் தவிருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு கொழுந்து பறிப்பதில்லை. அதனால் திங்கள் காலை இயந்திரம் ஓய்ந்திருக்கும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்திலும் தைப்பொங்கல், தீபாவளி நாட்களிலும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பாதையைப் பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைப்பாதைகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன, எத்தனையோ உயிர்கள் மண்ணுக்குள் போயின. சாதாரண மழைக்காலத்திலும் மண்சரிவு வந்து பாதை மூடும். நேர அட்டவணையைவிட அன்று காலை ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் சொல்வதை நம்புங்கள்.

தங்கும் ஊரிலிருந்து எங்கே போவது

கண்டியில் வேலை என்றால் ஹந்தானைக்கு ஏறுங்கள். நகரத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீற்றர், செங்குத்தான பாதை, ஓட்டோ பிடித்துவிடலாம். 1925 இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பழைய உருட்டும் இயந்திரங்களும் சலிக்கும் இயந்திரங்களும் தளம் தளமாக நிற்கின்றன. 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் உண்டு. காட்டை வெட்டி அந்தச் செடிகளை நட்ட கைகள் யாருடையவை என்பதை யோசித்துக்கொண்டே படியேறுங்கள். மேல்மாடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். முதல் பாடத்துக்கு இது நல்ல இடம். வாங்குவதற்கு இன்னும் உயரத்திலுள்ள தோட்டங்களுக்குப் போக வேண்டும்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வேலை மாறுகிறதென்றால் பஸ்ஸில் போங்கள். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று வளைந்து ஏறும் அந்த வீதியின் ஓரத்திலேயே லபுக்கலைத் தோட்டத்தின் தேயிலை நிலையம் இருக்கிறது. இப்போது தம்ரோ லபுக்கலை என்ற பெயர்ப்பலகை. நடத்துநரிடம் ஏறும்போதே "லபுக்கலை ஸ்டோரடியில் இறங்க வேண்டும் அண்ணா" என்று சொல்லிவையுங்கள், வாசலிலேயே இறக்கிவிடுவார். ஸ்டோரைச் சுற்றிக் காட்டுவார்கள். ஒரு மணிநேரம் இருந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். பகலில் இந்த வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பயணப்பை பெரிதாக இருந்தால் மட்டும் இதைத் தவிருங்கள். நெருக்கமான பஸ்ஸில் இரண்டாம் முறை ஏற்றுவது சிரமம்.

நுவரெலியாவில் தங்கினால் பீட்றுத் தோட்டம் கைக்கெட்டும் தூரம். பலகையில் பெட்ரோ என்றிருக்கும், ஊரார் பீட்று என்பார்கள். கந்தப்பளை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் நகரம் தாண்டியதும் வந்துவிடும். 1885 இல் தொடங்கிய தோட்டம். இங்கே ஊற்றித் தரும் வெளிறிய தேநீரை ஆறவைக்காமல் குடியுங்கள். நுவரெலியாத் தேயிலையின் பூமணம் சூட்டோடுதான் எழும்பும். ரயிலில் வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி 8 கிலோமீற்றர் மேலே வர வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எனக்குச் சொந்த மண். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் ஏறினால் முதலில் டெவன் அருவிக்கு எதிரே மிலெஸ்னாவின் தேயிலைக் கோட்டை வரும். அதைத் தாண்டினால் சென்கிளேயர் அருவிக்கு மேலே தேயிலை நிலையம். இரண்டிலும் யன்னலோரம் உட்கார்ந்து அருவியைப் பார்த்தபடி குடிக்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபின் சென்கிளேயரின் நீர் மெலிந்துவிட்டது. சிறு வயதில் அதன் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு இப்போது பார்க்க மனம் கனக்கும். இவ்விடங்களில் பழவாசனை ஏற்றிய தேயிலை அலமாரி நிறைய இருக்கும். அழகான தகரப் பெட்டிகள். அவற்றை விட்டுவிட்டு "வாசனை சேர்க்காத டிம்புள்ள பிஓபி எங்கே?" என்று நேராகக் கேளுங்கள்.

ஊவாப் பக்கம் போக வாய்த்தால் அதை நழுவவிடாதீர்கள். ஹப்புத்தளை நகரத்திலிருந்து தம்பேதன்னைக்கு ஒரு தோட்டத்து பஸ் ஓடுகிறது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். காலையில் அந்த பஸ் மலையகத்தின் முழு வாழ்க்கையையும் ஏற்றிக்கொண்டு வரும்: பாடசாலைப் பிள்ளைகள், மருந்தெடுக்க வந்து திரும்பும் பாட்டிகள், மாவு மூட்டை, மரக்கறிப் பை, மாலை சாத்திய பிள்ளையார் படம். இடப்பக்கம், வலப்பக்கம் எங்கே உட்கார்ந்தாலும் பள்ளத்தாக்கு தெரியும். கடைசித் தரிப்பிடத்துக்கு அருகே 1890 இல் தோமஸ் லிப்டன் எழுப்பிய நெடிய தொழிற்சாலை நிற்கிறது. மேலே லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனைக்கு இன்னும் 7 கிலோமீற்றர் ஏற்றம். அரை நாள் கையில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லயில் தங்குகிறவர்களுக்கு ஹல்பேவத்தைத் தொழிற்சாலை இருக்கிறது. ஓட்டோவில் போவது சுலபம், நன்றாக விளக்கிச் சொல்கிறார்கள்.

விற்பனைக்கூடமோ சுற்றிக்காட்டும் ஏற்பாடோ இல்லாத தோட்ட ஸ்டோர்களுக்குள் திடீரென்று நுழைய வேண்டாம். வாயிற்காவலரிடம் சொல்லி, அலுவலகத்தில் அனுமதி கேட்டு, தேயிலை அரைப்பதைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா இருந்தால் அவரைப் பார்க்கலாம். கேட்டால் பலர் முகம் மலர்ந்து பேசுவார்கள். இரவு பகலாக அந்தச் சூட்டில் நிற்கிறவர்களிடம் தேயிலையைப் பற்றிக் கேட்க ஆள் வருவது குறைவு. அதேபோல மலையில் கொழுந்து பறிக்கிறவர்களைக் கண்டவுடன் கைபேசியை நீட்டாதீர்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு அன்றைய நிறை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுக்கும்போது குறையக் கூடாது. அவர்கள் நேரத்தைப் பிடித்து வைப்பது அவர்கள் சம்பளத்தைப் பிடித்து வைப்பதாகும்.

பக்கற்றில் என்ன பார்ப்பது

ஒருமுறை பாதையோரக் கடையொன்றில் பெரிய தோட்டத்தின் பெயர் போட்ட பக்கற்று ஒன்றை அவசரத்தில் வாங்கினேன். அறைக்கு வந்து விலை ஸ்டிக்கரை உரித்தால் அதற்குக் கீழே உற்பத்தித் திகதி. இரண்டு வருடம் கடந்திருந்தது. கொதிநீர் ஊற்றியதும் ஈரச் சாக்கின் வாடை. அன்றிலிருந்து ஸ்டிக்கருக்குக் கீழேயும் பார்க்கிறேன்.

முதலில் தோட்டத்தின் பெயர் இருக்க வேண்டும். "தூய இலங்கைத் தேயிலை" என்று மட்டும் இருந்தால் அது கலவை. அடுத்தது உற்பத்தித் திகதி. பொதி செய்த திகதி வேறு, அரைத்த திகதி வேறு என்பதால் இரண்டையும் விசாரியுங்கள். வாள் ஏந்திய சிங்க இலச்சினை இருந்தால் அது இலங்கையிலேயே பொதி செய்த, முழுவதும் இலங்கைத் தேயிலை என்பதற்குத் தேயிலைச் சபையின் சான்று. தோட்டம் எது என்பதை அது சொல்லாது.

பிறகு அந்த எழுத்துகள். ஓபி என்பது நீண்டு முறுகிய இலை, பிஓபி உடைத்தது, பிஓபிஎஃப் அதைவிடச் சிறியது, டஸ்ட் தூளிலும் தூள். இவை இலையின் அளவைச் சொல்கின்றனவே தவிர ருசியின் உயர்வு தாழ்வைச் சொல்லவில்லை. ஓபியில் வரும் ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் பழத்துக்கும் தொடர்பில்லை. உயர்நிலத் தேயிலைக்கு என் தெரிவு பிஓபி: மணமும் நிற்கும், சாயமும் இறங்கும். பால் விட்டுக் குடிக்கிறவர்கள் பிஓபிஎஃப் வாங்கலாம்.

திறந்து காட்டச் சம்மதித்தால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, வாயால் இளஞ்சூடான மூச்சு விட்டு உடனே முகர்ந்து பாருங்கள். நல்ல தூள் மூச்சின் ஈரத்தில் விழித்துக்கொள்ளும். ஒரே அளவாக, கருமையாக இருக்க வேண்டும். சிவந்த நாரும் காம்பும் நிறையக் கலந்திருந்தால் வைத்துவிடுங்கள்.

சந்தையில் சாக்கைத் திறந்துவைத்து நம்ப முடியாத மலிவுக்கு விற்கும் தூளை வாங்கவே வேண்டாம். கழிவுத் தேயிலையைப் பொலிஸார் பிடித்த செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது.

தேத்தண்ணிக் கடை

நல்ல தேயிலை வாங்கிவிட்டோம் என்று கடைத் தேநீரைக் கைவிட வேண்டாம். மலையகத்துச் சின்னக் கடைகளில் குடிக்க ஒரு முறை இருக்கிறது. பாலுக்குப் பெரும்பாலும் பால்மாதான். ஆகவே தேயிலையின் ருசி வேண்டுமென்றால் பால் விடாத பிளேன்டி கேளுங்கள், எங்கள் லயத்துப் பேச்சில் சாயத்தண்ணி. துணி வடியில் தூளைப் போட்டுக் காலையிலிருந்து அதே தூளில் ஊற்றிக்கொண்டிருந்தால் கசப்புத்தான் மிஞ்சும். "அண்ணா, புதுத் தூள் போட்டு ஒன்று ஊற்றித் தருவீர்களா?" என்று பணிவாகக் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. சீனியைக் கலக்காமல் தனியாகக் கேளுங்கள். உள்ளங்கையில் சீனியையோ கித்துள் கருப்பட்டித் துண்டையோ வைத்து, நாக்கில் தொட்டுக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி ஒரு தொடல், ஒரு மிடறு. கசப்பும் இனிப்பும் வாய்க்குள்தான் சேரும். கூடவே சூடான கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. ஹோட்டல் மேசைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

அறையில் ஊற்றுவது

பயணப்பையில் சிறிய வடிகட்டி ஒன்றும் மூடியுள்ள டம்ளர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் எந்த அறையும் தேத்தண்ணிக் கடைதான். அறையிலுள்ள மின்கேத்தலில் முதலில் ஒருமுறை தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். முன்னால் தங்கியவர் அதில் என்ன கொதிக்கவைத்தாரோ தெரியாது. பிறகு புதுத் தண்ணீர். ஒருமுறை கொதித்து ஆறியதை மறுபடி கொதிக்கவிட்டால் தேநீர் சப்பென்று இருக்கும்.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கண்டியில் 98 பாகையை ஒட்டிக் கொதிக்கும். 1,800 மீற்றருக்கு மேலே நிற்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அந்தக் குறைந்த சூட்டில் சாயம் இறங்க நேரம் எடுக்கும். ஆகவே கொதி அடங்குமுன் ஊற்றி, மூடி, கீழ்நாட்டில் விடுவதைவிட ஒரு நிமிடம் கூட விடுங்கள். ஒரு கோப்பைக்கு விளிம்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி பிஓபி, 200 மில்லிலீற்றர் தண்ணீர், நுவரெலியாவில் 4 அல்லது 5 நிமிடம். சுவை பார்க்கும் தொழில்காரர்கள் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் விடுவார்கள்; குறை ஏதும் மறையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வளவு கடுமை. நமக்கு அது வேண்டாம்.

முதல் பாதியைச் சூடாகக் குடித்துவிட்டு மீதியை ஆறவிட்டுப் பாருங்கள். தெளிந்திருந்த சாயம் ஆறியதும் ஒரு துளி பால் விழுந்ததுபோல் மங்கிக் கலங்கினால் தேயிலையில் சத்து இருக்கிறது என்று அர்த்தம். கெட்டுப்போய்விட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் மறுபடி தெளியும்.

திரும்பும்போது தேயிலையை உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள். சவர்க்காரம், தைலம், மிளகாய்த்தூள், ரயிலில் வாங்கிய வடைப் பொதி எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். தேயிலை அடுத்ததின் வாசனையை ஒரே இரவில் இழுத்துக்கொள்ளும். பெரிய பக்கற்று ஒன்றைவிட 100 கிராம் பக்கற்றுகள் நான்கு நல்லது. மூன்றைத் திறக்காமல் வைத்திருக்கலாம்.

வீடு வந்ததும் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், அதனால் மலையில் விட்ட 4, 5 நிமிடத்தை 3 ஆகக் குறையுங்கள். பக்கற்றைத் திறந்த திகதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள். ஈரம் புகாத போத்தலில், அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத தட்டில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் மணம் நிற்கும். முடியும் தறுவாயில் தோட்டத்தின் பெயரையும் மாதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பாதையில் வேலை விழும்போது எந்தத் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் சொல்ல அது உதவும்.